கணுக்கால் உயரத்தில் ஒரு தெரு

எனக்குத் தெரிந்த தெரு முழங்காலோடு முடிந்துவிடும்.
நிலவறைச் சமையற்கட்டு. சன்னல் என்பது
நடைபாதையை ஒட்டி ஒரு சாண் வெளிச்சம்.
பத்தொன்பது வருடமாக
திபிலீசியின் சோலோலாக்கிச் சரிவை
டயர்களும் செருப்புகளுமாகவே படித்து வருகிறேன்.

எட்டே முக்காலுக்குள் நூற்றுப்பத்துப் பிள்ளைகள்
வந்தாக வேண்டும்; பிந்தினால் ஓட்ஸ் கஞ்சி ஆறிவிடும்.
பெயர் பிறகுதான், முதலில் காலணி.
தவளைமுக ரப்பர் பூட்ஸ் என்றால் லிலே.
இடம் வலம் மாறியிருந்தால் சந்தேகமே இல்லை, ஓட்டியா.
குதிகால் தரையில் படாமலே வருபவள் தேக்லா.

டயருக்கும் முகம் உண்டு.
வழுக்கை விழுந்த முன்சக்கரம் ரெவாஸுடைய வாடகைக் கார்.
"இரண்டே நிமிஷம்" என்பார், மகனை இறக்கிவிட்டு.
சேறு என்றால் என்னவென்றே அறியாத அகலச் சக்கரம்
வக்கீலம்மாவுடையது.
அவருக்கும் இரண்டே நிமிஷம்.
நடைபாதையில் ஏறி என் சன்னலை அடைத்து நிற்பார்கள்;
பட்டப்பகலில் விளக்கைப் போட்டு
வெங்காயம் நறுக்குவேன்.
இருட்டு பழகிவிட்டது எனக்கு.
ஆனால் நடைபாதையை டயர் எடுத்துக்கொண்டால்
பூட்ஸ் எங்கே போகும்?
சாலைக்குத்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள்
பின்னோக்கி வந்த சக்கரம் ஒன்று சட்டென நின்றது.
அடியில் தவளை.
ஒரு தவளை மட்டும்.

கையில் கரண்டியோடு படியேறி ஓடினேன்.
ஒற்றைக் காலுறை பனிச்சேற்றில் நனைய,
"என் பூட்ஸைக் குடு" என்று
காரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள் லிலே.
அவள் அழவில்லை. ஓட்டியவர்தான் அழுதார்.

அன்று கஞ்சி அடிப்பிடித்தது.

கூட்டம் போட்டார்கள். குட்டி நாற்காலிகளில்
பெரியவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.
கம்பம் நட வேண்டும், மாநகராட்சிக்கு
இது ஏழாவது மனு என்றார் தலைமையாசிரியை நானுலி.
ஒருவழித் தெருவாக்கச் சொல்லுங்கள் என்றது ஒரு குரல்.
வரிக்குதிரைக் கோடு? அது போன மழையோடு போனது.
எல்லோருக்கும் ஒரே எதிரி இருந்தான்:
அடுத்த தெருவிலிருந்து
கண்மண் தெரியாமல் வரும் யாரோ ஒருவன்.

தேநீர் ஊற்றியபடி கால்களைப் பார்த்தேன்.
எல்லாம் தெரிந்த செருப்புகள்,
தெரிந்த டயர்களிலிருந்து இறங்கியவை.
வாயைத் திறக்கவில்லை.
சமையற்காரிக்கு என்ன தெரியும்,
கால்களைத் தவிர.

மறுநாள் ஏழரைக்கு, காவலாளி வாஷாவும் நானும்
நாற்பது லிட்டர் அண்டா நான்கு,
முட்டைகோஸ் ஊறவைக்கும் பீப்பாய் இரண்டு,
மூச்சிரைக்க மேலே ஏற்றி
நடைபாதை விளிம்பில் வரிசையாக வைத்து
கழுத்துவரை தண்ணீர் நிரப்பினோம்.
கம்பத்தை இடித்துச் சாய்ப்பான் மனிதன்.
குப்பைத்தொட்டியை நகர்த்துவான்.
தன் பிள்ளை சாப்பிடும் பாத்திரத்தில் மோத
ஒருவனுக்கும் மனம் வரவில்லை.

கண்ணாடியை இறக்கினார் ரெவாஸ்:
"இதெல்லாம் வெளியே இருந்தால் சூப் எப்போது கொதிக்கும்?"
"இரண்டே நிமிஷம்" என்றேன்.

மேட்டின் அடியில், ரொட்டிக்கடைப் பக்கம்
காரை விட்டு, மகன் கையைப் பிடித்து ஏறி வந்தார்.
வியாழக்கிழமை வக்கீலம்மாவும்,
உயர்ந்த குதிகாலில், என்னைத் திட்டியபடியே.

ஒன்பது நாள் ஓடியது இப்படி.
எட்டிலிருந்து ஒன்பதுவரை காவல், பிறகு அடுப்பு.
பத்தாம் நாள் வந்தது அபராதச் சீட்டு:
பொது நடைபாதையில் அனுமதியில்லாத பொருள்கள், ஆறு.
பத்தொன்பது வருடத்தில்
அந்த நடைபாதைக்காகக் கிழித்த முதல் சீட்டு அது.
அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.
பணத்தை யாரோ கட்டிவிட்டார்கள்.

ஆறு கம்பம் கேட்டோம், நான்கு வந்தன.
மிச்ச இடத்தில் ஒரு பீப்பாய் இன்னும் நிற்கிறது.

நறுக்குபலகைமேல் இப்போது காலை வெயில்.
நேற்று சன்னலில் பூட்ஸ்கள் நின்றன, மடங்கின,
கைகள் ஊன்றின.
முதன்முறையாக முகங்கள், தலைகீழாக,
ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு:
"இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"முட்டைகோஸ்."

முகங்கள் எழுந்து
மறுபடி பூட்ஸ்கள் ஆயின.