ஊதா

கடலூர் துறைமுகத்து மீன்பெட்டியில்தான் வந்தது.
ஐஸ் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தோம்,
தொடவில்லை. சிற்றரசுக்குத் தெரியாத ஐஸா?
பெயர் அஞ்சலாட்சி, வயது ஐம்பத்திரண்டு.
அவன் அம்மா வயிற்றிலிருந்து இறக்கிய நீர்,
அரை லிட்டர்,
பால் கலக்காத டீ நிறம்.

சுழலவிட்டேன்.
அடியில் தங்கியது ஒரு சிட்டிகை,
கோலமாவு அளவு.
அதுதான் அவளைத் தின்பது.
அதற்கு ஊட்டுவது என் வேலை:
கன்றுக்குட்டி சீரம், முப்பத்தேழு டிகிரிச் சூடு.
கோரிமேட்டில் கரண்ட் போனால்
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
இன்குபேட்டர் கதவில் புறங்கை வைத்து நிற்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பவள் போல.
அவளுக்கு நாலு நாளாய்
கஞ்சித் தண்ணியும் இறங்கவில்லையாம்.

தொண்ணூற்றாறு குழி, ஆறு மருந்து, மூன்று ராத்திரி.
பிறகு மஞ்சள் சாயம்.
உயிர் இருக்கிற குழி ஊதாவாகும்.

ஆகாதே, ஆகாதே என்று
எந்த உயிரிடமும் இப்படி நான் கெஞ்சியதில்லை.

கார்போபிளாட்டின் ஊதா.
பாக்ளிடாக்சல் ஊதா,
கத்தரிப்பூ மாதிரி, அழகாகக்கூட.
ஐந்தாம் வரிசையில் மட்டும்
மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.
தட்டில் செத்தது உடம்பில் சாகும் என்று
உறுதி சொல்ல முடியாது.
எல்லா ரிப்போர்ட்டின் கடைசி வரியும் அதுதான்,
இதிலும் அடித்தேன்.

வாசலில் சிற்றரசு
மருந்தின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
பெட்டி கிடைக்குமா என்றான்,
விடியலில் வஞ்சிரம் ஏற்றணுமாம்.

தர முடியாது, எரிக்கிற குப்பையில் போட்டாச்சு என்றேன்.
சரி மேடம் என்றான்.
கை வியர்த்திருந்தது.
பெயரை இன்னொரு தடவை,
கெட்டியாக,
காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.