இரண்டு விரல் குறைவு

புன்தா அரேனாஸின் காற்று
கேட்காமலே ஆளைத் தெரு தாண்டி விட்டுவிடும்.
கம்பளிக் கடைக் கதவைத் தோளால் சாத்திக்கொண்டு
எலெயுத்தேரியோ நின்றார்,
வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே.

"கையுறை. ஒன்று போதும்.
இடதுக்கு இருக்கிறது."

நண்டுப் படகின் கப்பி
மோதிர விரலை அடியோடும்
சுண்டு விரலைப் பாதியோடும் வாங்கிக்கொண்டதை
துறைமுகத்தில் அறியாதவர் இல்லை.
கம்பெனி கொடுத்த உறையில்
அந்த இரண்டும் காலியாய் ஆடிக்
கயிற்றில் போய் மாட்டுகின்றனவாம்.
"பசி இன்னும் அடங்கவில்லை" என்றார்.
கப்பியைச் சொல்கிறார் என்று புரிய
கொஞ்சம் நேரமாயிற்று.

அளவு வேண்டும் என்றேன்.
கை வெளியே வரவில்லை.
நூல் துண்டொன்றை நீட்டினேன்.
முதுகைத் திருப்பிக்கொண்டு
பல்லால் இழுத்து முடிச்சிட்டுத் தந்தார்.
அந்த முடிச்சுகளே அவர் கை.

இரவு ஹீட்டரின் அருகில்
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்
கணக்குக்கு அடங்கி வந்தன.
மோதிர விரலுக்கு விரலே கிடையாது,
உள்ளங்கை விளிம்பிலேயே மூடிவிட்டேன்.
சுண்டு விரல்தான் படுத்தியது.
பன்னிரண்டு கண்ணி வட்டம், நாலே வரிசை,
அதற்குள் முடிந்தாக வேண்டும்.

ஒரு கண்ணியில் கொக்கியை விட்டு நூலை இழு,
முடிக்காதே.
அடுத்ததில் விடு, இழு,
அதையும் முடிக்காதே.
கொக்கியில் இப்போது மூன்று சுருக்கு.
நூலைச் சுற்றி
மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பு.
இரண்டுக்கும் சேர்த்து ஒரு தலை.

பன்னிரண்டு ஆறாயிற்று.
உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன்:
நுனியில் மொச்சைக்கொட்டை அளவு புடைப்பு.
தையல் போட்ட சதையில் அது உறுத்தும்.
பிரித்தேன்.
மறுபடி போட்டேன், இன்னும் புடைப்பு,
மறுபடி பிரித்தேன்.
மூன்றாம் முறை
கண்ணியின் முன்பக்க இழையை மட்டும் பிடித்து
இரண்டிரண்டாய்ச் சேர்த்தேன்.
எங்கே குறைத்தேன் என்று
எனக்கே தேட வேண்டியிருந்தது.
ஜன்னலில் ஆலங்கட்டி தட்டிக்கொண்டிருந்தது,
மணி இரண்டு.

சனிக்கிழமை வந்தார்.
மாட்டினார். மூடினார், விரித்தார்,
கல்லாவின் விளிம்பைப் பற்றிப் பார்த்தார்.
"இரண்டு விரல் குறைவு.
விலையும் குறையுமா?"

"குறைக்கத்தான் நேரம் அதிகம்" என்றேன்.

சிரித்தாரா, தெரியாது; மீசை அடர்த்தி.
புது உறையைக் கழற்றாமலே
நூறு பேசோக்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.
ஒன்று நழுவி மேசைக்கடியில் உருண்டது.
இருவரும் குனிந்தோம்.
அவர் முந்திக்கொண்டார்.