முட்டைக் கணக்கு நோட்டு

பிசானம் அறுத்த வயலில்
பச்சை வலை கட்டிக் கிடை போட்டிருந்தார் பலவேசம்,
கன்னடியன் கால்வாய்க்குக் கீழே, ஒற்றை மருத மரத்தை ஒட்டி.
ஆயிரத்து நூற்று நாற்பது வாத்து.
திங்கட்கிழமை பதினேழு செத்தது.
செவ்வாய், அறுபது.
புதைத்ததில் இரண்டை
ராத்திரியே தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள் குழம்புக்கு.
அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனோம்.
சட்டியை மூடியபடியே வாங்கி வந்தோம்.
அறுத்த பெண்ணின் பெயரையும்
ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

போபாலிலிருந்து பதில் வந்தது.
இரண்டு எழுத்து, இரண்டு எண்.
டாக்டர் சமீமா அதை மடித்துப் பையில் வைத்தார்.
"கையுறை ரெண்டு அடுக்கு," என்றார்.
"கண்ணாடியக் கழட்டுனா வேலையும் கழண்டுரும்."

வெள்ளை உடுப்பு, முழங்கால் பூட்ஸ்,
மூக்குத்தண்டை அழுத்தும் முகமூடி.
என் மூச்சே கண்ணாடியில் படிந்து
வயல் பாதி மறைந்தது.
ஒன்பது பேர் வரப்பில் வருவதைப் பார்த்து
வாத்தெல்லாம் வாய்க்கால் பக்கம் ஒதுங்கின.
தண்ணீரில் இறங்கினால் போச்சு.
அடுத்த மடை, அடுத்த குளம்,
அங்கே யாரோ ஒருத்தி முகம் கழுவிக்கொண்டிருப்பாள்.

"அண்ணாச்சி, நீங்க கூப்பிடுங்க."

அவருக்கும் அதே உடுப்பைத்தான் மாட்டியிருந்தோம்.
முகமூடிக்குள்ளிருந்து கூப்பிட்டார்.
வாத்துக்கு ஆள் தெரியவில்லை.
முகமூடியை இறக்கக் கை போனது;
டாக்டர் தலையை ஆட்டினார், வேண்டாம்.
இரண்டாம் தரம், இன்னும் சத்தமாக.
மூன்றாம் தரம் ஒரு கழுத்து திரும்பியது.
பிறகு மொத்தமும்,
சாயங்காலம் கிடைக்குத் திரும்புகிற மாதிரி,
ஒன்றன்பின் ஒன்றாக,
வலைக்குள் வந்தன.

அப்புறம் நடந்ததை எழுதப் போவதில்லை.
எத்தனை மூட்டை சுண்ணாம்பு, எத்தனை அடி குழி,
பதிவேட்டில் இருக்கிறது.
உடுப்பைக் கழற்றும் முறை இருக்கிறது:
வெளிக் கையுறை முதலில், முகமூடி கடைசியில்,
நடுவில் ஒவ்வொரு தரமும் கை கழுவ வேண்டும்.
சோப்புக் கரைய எனக்கு வெகு நேரமானது.

இப்போது மாடி அறையில் இருக்கிறேன்.
தினம் ஒரு மாத்திரை, பத்து நாள்.
சோற்றுத் தட்டு வாசலில் வந்து உட்காரும்,
வைத்த கை படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்கும்.
டீக்கடைக்காரன் போனில் கேட்கிறான்,
"எலே, முட்டை திங்கலாமா, கூடாதா?"
"மஞ்சக்கரு கெட்டியாகுத வரைக்கும் வேக வையி.
செத்த கோழியத் தொடாத."
"ஆப்பாயில்?"
"இப்பம் வேண்டாம்."
வைத்துவிட்டான்.

சாயங்காலம் ஆறுக்கு நர்ஸ் ஜெபக்கனி கூப்பிடுவாள்.
"காய்ச்சல் உண்டுமா? தொண்டை வலி? மூச்சு வாங்குதா?"
இல்லை, இல்லை, இல்லை.
"கண்ணு செவந்திருக்கா?"
ஆறாம் நாள் சிவந்திருந்தது.
தூக்கமில்லாததால் இருக்கலாம்.
இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது.
கீழே என் மகள் யாருக்கோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.
"செவந்திருக்கு," என்றேன்.

ஒரு மணி நேரத்தில் வண்டி வந்தது.
எத்தனை வாத்துக்குக் குச்சி விட்டிருக்கிறேன்;
என் மூக்கில் ஏறும்போதுதான்
அதுகள் ஏன் அப்படி உதறின என்று தெரிந்தது.
குப்பியில் என் பெயர்,
ஐஸ் பெட்டி மூடியது.
முடிவு நாளை வரும், அல்லது மறுநாள்.

"பலவேசம் அண்ணாச்சி போன் எடுக்க மாட்டேங்காரு,"
என்றாள் ஜெபக்கனி. "நீங்க அடிச்சா எடுப்பாரோ?"

ஐந்தாவது மணியில் எடுத்தார்.
பேசவில்லை.
பின்னால் ஒரு சத்தமும் இல்லை;
முன்னெல்லாம் அவர் போனில் வாத்துச் சத்தம்தான் முதலில் கேட்கும்.
"சூடு பாக்கேளா அண்ணாச்சி?"
தாள் புரண்டது.
"காலையில தொண்ணூத்தேழு எட்டு.
சாயங்காலம் தொண்ணூத்தெட்டு நாலு.
எழுதுதேன், எழுதுதேன்.
முட்டை எழுதுத கட்டத்துலதான் எழுதுதேன்,
வேற நோட்டு இல்லல்லா."
கொஞ்சம் நிறுத்தி,
"மேல எழுநூத்தி ஆறுன்னு இருக்கு,
அதுக்குக் கீழ தொண்ணூத்தெட்டு.
பாக்கதுக்கு என்னமோ போல இருக்கு வே."