சோதனைக் காலம்

தீபாவளி போனசில் பாதி கேமராவுக்குப் போனது.
பழையது. முன்பு வைத்திருந்தவர்
எத்தனை கல்யாணத்தை அதில் அடைத்தாரோ,
ஷட்டர் கொஞ்சம் திக்கும்.
மீதிப் பாதியைக் கேட்டு
மூன்று மென்பொருள்கள் நிற்கின்றன,
ஜவுளிக்கடை வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர்களைப் போல.

ஒன்றுக்கு மாதாமாதம் சந்தா.
நிறுத்தினால் கதவைச் சாத்திவிடும், வாடகை வீடு மாதிரி.
ஒன்றுக்கு ஒரே தடவை. அந்த ஒரு தடவையில்
என் மூன்று மாச மெஸ் செலவு முடிந்துபோகும்.
மூன்றாவது இலவசம்.
ஊர் பேர் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதியது;
திறந்தால் தம்பியின் லேப்டாப்
பவானிக்கு பஸ் ஏறி, கூடுதுறையில் முழுகிவிட்டுத்தான்
திரும்பி வருகிறது.

ஸ்டுடியோ ரத்தினமூர்த்தி சிரித்தார்:
"இதையெல்லாம் காசு குடுத்து வாங்குவாங்களா அம்மிணி?
பென்டிரைவ் கொண்டாங்க. எரநூறு ரூவா.
பூட்டு ஒடச்சதே இருக்குது."
நான் கொண்டு போகவில்லை.
யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
வைரஸ் பயம்.

எனக்கு சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிற வேலை.
சாம்பல் பெட்டிக்குள் துண்டுத் துணியை வைத்து
பகல் லைட், கடை லைட், மஞ்சள் லைட்
என்று மாற்றி மாற்றிப் போடுவேன்.
பகலில் அண்ணன் தம்பியாய் இருக்கும் இரண்டு துணி
கடை வெளிச்சத்தில் பங்காளிச் சண்டை போடும்.
அதனால் எந்த நிறத்தையும்
எடுத்த எடுப்பில் நம்புவதில்லை.

மூன்றிலும் ஒரே படத்தைப் போட்டேன்.
சாய மிஷினுக்கு முன்னால் சென்னியப்பன்,
முழங்கை வரை நீலம்.
அன்றைக்கு ஒரு டன் நேவி ஓடியது.
கையுறை கொடுத்திருக்கிறார்கள்,
ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க
ஆணியில் தொங்குகிறது.

சந்தா கேட்பதில்
தானாகச் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு.
அமுக்கினேன். ஒரு நொடி யோசித்தது.
நீலத்தைப் பிழை என்று முடிவு கட்டி
இரண்டு கையையும் கழுவிவிட்டது.

பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை, மண்ணெண்ணெய்
எல்லாம் போட்டு உரசினாலும்
சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போது
அவர் நகக்கண்ணில் போன வார ஆர்டர் இருக்கும்.

இலவசம் ஒன்றும் செய்யவில்லை.
நீலக் கை, பாசிச் சுவர், கொஞ்சம் சாய்ந்த மிஷின்,
எடுத்தது எடுத்தபடி.
ஆளின் கையை மாற்றாத மென்பொருள்,
அதுதான் எனக்கு, என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டீ டைமில் இரண்டையும் போனில் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கினார். முகத்தை அல்ல, கையை.
கழுவின கையைத்தான் டீ ஆறும்வரை பார்த்தார்.
"இதைய அனுப்புங்க அம்மிணி.
காங்கயத்துல ஒரு எடம் வந்திருக்குது.
சாதகத்தோட போட்டோவும் வேணும்ங்கறாங்க.
முப்பத்தெட்டு ஆச்சுங்க எனக்கு."
பிறகு நீலத்தைத் தள்ளிவிட்டார்:
"இத நான் தெனமும் பாக்கறதுதானுங்க."

படத்தின் குறுக்கே
சோதனைப் பதிப்பு, சோதனைப் பதிப்பு என்று
அவர் நெஞ்சு மேலேயே எழுத்து ஓடியது.
பொண்ணு வீட்டுக்கு அப்படியா அனுப்புவது?
முப்பதாம் நாள் ராத்திரி ஒரு மாதச் சந்தா கட்டினேன்.
எழுத்து போனது.
படம் காங்கயம் போனது.

சந்தாவில் இருபத்தொன்பது நாள் மிச்சம் இருக்கிறது.
இன்றைக்கு அந்த நேவி லாட்டின் துண்டை
பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
இலவசத்தைத் திறந்து, நீலக் கைக்குப் பக்கத்தில்
திரையோடு ஒட்டிப் பிடித்தேன்.

சேரவில்லை.
ஒரு பொடி சிவப்பு தூக்கல்.
டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தேன். அப்போதும்.
லேபாக இருந்தால் ஃபெயில் போட்டிருப்பேன்.

பட்டையை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினேன்.
லேப்டாப் பவானிக்குக் கிளம்பிவிட்டது.
துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.