மூன்றாம் தரம்

சம்மாந்துறை மில்லில் மூன்றாம் தரமும்
பிரேக்கர் விழுந்தது.
"மோட்டர் எரிஞ்சிட்டு, மாத்து" என்றார் உவைஸ் போடியார்.
நெல்லில் ஈரம் என்றான் லொறிக்காரன்.
நான் எதையும் மாற்றவில்லை.
சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதினேன்:
ஓடத் தொடங்கி நாலாம் நிமிடம். ஒவ்வொரு முறையும்.

பெல்ட்டைக் கழற்றினேன்.
வெறும் மோட்டர் அரை மணிநேரம் முனகாமல் ஓடிற்று.
உருளையைக் கையால் சுழற்றினேன், இறுக்கமில்லை.
மறுகா பெல்ட்டை மாட்டி
மூன்று கம்பிக்கும் மீட்டரைக் கொளுவினேன்:
இரண்டு கொதிக்க
ஒன்று சோம்பிக் கிடந்தது.

அந்த ஒன்றின் நடுவில் தொட்டேன்.
மேற்பாதி சரி.
மிச்சத்தின் நடு. அதுவும் சரி.
மிச்சத்தின் மிச்சம்
தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போயிற்று.

மெயினை இறக்கிவிட்டு மூட்டைகளைப் புரட்டினேன்.
கருகிய இணைப்பு.
உருகிய டேப், இடப்பக்கமாகச் சுற்றியது.
இந்த ஊரில் இடக்கையால் டேப் சுற்றுகிறவன்
எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.
நோன்பு இருபத்தொன்பது, பிறை பார்க்கிற அவசரத்தில்
அவன் முறுக்கிய முறுக்கு.

"எலியா கா கடிச்ச?" என்றார் போடியார்.
"இல்ல."
அட்டையின் கடைசி வரியில்
அந்தத் தேதியையும் என் பெயரையும் எழுதினேன்.
மறுகா
கம்பியைச் சுரண்டத் தொடங்கினேன்.