போகும் தூரம் மட்டும்

முதல் பட்டத்துக்குச் செய்த செலவு
நட்டக் கணக்கில் ஏறாது,
இரண்டாவது என்றால் ஏறும் என்றாள் நிலோஃபர்.
பல் தேய்த்தபடி சொன்னதால்
சட்டத்தில் பாதி நுரை.

என்னுடையது இரண்டாவது.
முதலாவதைத் திருச்சியில் முடித்தேன்.
அதற்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை,
அதை எழுத இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அர்ன்ஷ்டாட் வீட்டுச் சமையல் மேசையில்
அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
இரண்டு வருடம் விழுந்தது.
பருவக் கட்டணம்,
யாரோ அடிக்கோடிட்டு விற்ற உலோகவியல் புத்தகம்,
ஆய்வகத்துக்கு வாங்கிய இரும்பு முனை ஷூ,
வெளுத்துப்போன ஒரு அச்சகச் சீட்டு.
அதில் தொகை அழிந்துவிட்டது,
'நன்றி, மீண்டும் வருக' மட்டும் பளிச்சென்று.

மடிக்கணினி: எத்தனை விழுக்காடு படிப்புக்கு?
அக்கா கல்யாணத்தை அதில்தான் பார்த்தேன்.
முகூர்த்த நேரத்தில் திரையின் மூலையில்
வெப்ப இயக்கவியல் திறந்தே கிடந்தது,
மறுநாள் தேர்வு.
அந்த இரண்டு மணி நேரத்தை எந்தப் பக்கம் போட?
எண்பது என்று தட்டினேன். அழித்தேன். எழுபது.
அக்காவுக்கு முப்பது போதுமா என்று யோசித்து
அறுபத்தைந்து.

வீட்டிலிருந்து வகுப்புக்கு எத்தனை கிலோமீட்டர்?
போகும் தூரம் மட்டும் எழுதவும்.
இருபது.

குளிர்கோட்டையும் சேர்த்திருந்தேன், வெட்டிவிட்டார்கள்.
அதிகாரி திருமதி க்ரோய்ட்ஸ்மான்
தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னார்:
ஷூ, படிப்புக்கு. கோட்டு, குளிருக்கு.
குளிர் எல்லாருக்கும்தானே.
படிக்க வந்ததால்தான் எனக்குக் குளிர்ந்தது என்பதை
ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
சரி என்றேன்.

மார்ச்சில் ஒரு சாம்பல் நிற உறை.
நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் யூரோ
நான் இழந்திருப்பதாக
அரசே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தது.
இயந்திரம் அச்சிட்டதால் கையெழுத்து வேண்டாமாம்.
சம்பளம் வரும் வருடத்துக்கு அந்த இழப்பைக்
கையோடு கொண்டுபோகலாம்,
அதுவரை அவர்களிடம் பத்திரமாக இருக்கும்.

நிலோஃபர் கேக் வாங்கி வந்தாள்.
இழந்ததற்கு இதுவரை யாரும்
எனக்கு கேக் வாங்கித் தந்ததில்லை.

இன்று மாலை இல்மெனாவிலிருந்து திரும்புகிறேன்.
கிலோமீட்டருக்கு முப்பது செண்ட் என்பது
காலையில் மட்டும்தான்.
ஜன்னலோர இடம் கிடைத்திருக்கிறது.