ஏறக்கூடாத நாட்கள்

பணகுடிக்கு மேற்கே
நாற்பத்தோராம் நம்பர் காற்றாலை உச்சியில்
ஆடி மாசத்தில் ஒருநாள்
இடுப்புக் கொக்கியையே பார்த்தபடி
வேலைக்குத் தேவையானதைவிட
கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கீழே நின்ற சுயம்பு வாக்கிடாக்கியில்
"என்னவே, தூங்கிட்டீரா?" என்றான்.
அந்தக் கேள்விதான் என்னை இறக்கியது.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மனநலப் பிரிவுக்கு வழிகேட்கக் கூசி
பல் பிரிவு வரிசையில் அரைமணி நேரம் நின்றேன்.
டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னார்:
"உடனே கேக்காது, மூணு வாரமாவது ஆகும்.
முதல்ல கொஞ்சம் கூடுதலாக்கூடப் படுத்தும்.
அப்போ தனியா இருக்காதீங்க.
உயரத்துல ஏறாதீங்க."
என் தொழிலே அதுதான் என்றேன்.
பேனாவை மூடிவிட்டு
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

மாத்திரை அட்டையை
ரஞ்சிதமணி எங்கோ ஒளித்துவைத்து
ஒவ்வொன்றாய்த் தந்தாள்.
வாய் தேரிமணலாய்க் காய்ந்தது.
கை நடுங்கிச் சாயா சிந்தியது.
ராத்திரி மூன்று மணிக்குக்
காலுக்குள் யாரோ நடந்தார்கள்.
"இதுக்குப் பழைய கவலையே தேவலை" என்றேன்.
அவள் ஒன்றும் பேசாமல்
வாசல் கதவுக்குக் குறுக்கே பாய் விரித்தாள்.

இருபத்திமூன்றாம் நாளோ நாலாம் நாளோ,
புளிக்குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று
சத்தம் போட்டேன்.
"எட்டு மாசம் கழிச்சு
இன்னைக்குத்தான் என் குழம்பைக் குத்தம் சொல்லுதிய"
என்று அழுதாள், கரண்டியும் கையுமாக.

கிடைத்தது அது.
போனதையும் சொல்ல வேண்டும்.
எட்டு கிலோ ஏறியது.
ராத்திரி அவள் பக்கம் திரும்பினால்
என் உடம்பு வேற்றூர்க்காரன்போலக் கிடந்தது.
அதைச் சொல்லத்தான் மூன்று தடவை போனேன்,
மூன்று தடவையும் தலைவலி என்றேன்.
ராதாபுரம் அத்தான் சாவில்
எல்லாரும் அழ, நான் பந்தல்கம்பு எண்ணினேன்.
துக்கம் இருந்தது,
அடுத்த தெருக் கல்யாண ரேடியோ மாதிரி.

ஐப்பசியில் காற்று படுத்ததும்
நல்லாத்தானே இருக்கு என்று நானே நிறுத்தினேன்.
மூன்றாம் நாள்
தலையைத் திருப்பும்போதெல்லாம்
மண்டைக்குள் பொறி தட்டியது.
டாக்டரம்மா திட்டவில்லை.
"நிறுத்தலாம். ஆனா ஏணியில
குதிச்சா இறங்குவீங்க?" என்றார்.

"மாத்திரை தின்னா புத்தி மழுங்கும்ங்காவளே"
என்றான் சுயம்பு.
"காத்து அளவு மீறினா
இறக்கை தானா ஒருக்களிக்குதுல்லா,
அது மழுங்கலாவே?"
"ஒருக்களிச்சா கரண்டும் வராதுல்லா?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
இன்றுவரைக்கும்.

இப்போது அரை மாத்திரை.
மேலே ஏற இன்னும் எழுதித் தரவில்லை.
கீழே நிழலில் நின்று
புதுசாய்ச் சேர்ந்த பயலை
ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை கூப்பிடுகிறேன்:
"என்னல, தூங்கிட்டியா?"
அவனுக்கு எரிச்சல்.
இருக்கட்டும்.